குழந்தைக்குப் புற்றுநோய்: பண உதவியை யாரிடம், எப்போது, எப்படிக் கேட்பது?

குழந்தைக்குப் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னதும் பெற்றோருக்கு இரண்டு கேள்விகள் எழும். பிள்ளை பிழைத்துவிடுமா என்பது ஒன்று. பணத்துக்கு எங்கே போவது என்பது இன்னொன்று. முதல் கேள்வியை அங்கேயே கேட்டுவிடுகிறோம். இரண்டாவதை மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, கையிருப்பைக் கரைத்து, உடைமைகளை விற்று, வட்டிக்கு வாங்கி, எல்லாம் தீர்ந்த பிறகுதான் வெளியில் சொல்கிறோம். அதற்குள் சில உதவிகளுக்கான காலமே கடந்திருக்கும்.

இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது. அதை முதல் கேள்வியோடு சேர்த்து, அதே வாரத்தில் கேட்டுவிட வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் புற்றுநோய் வருகிறது. வசதியான நாடுகளில் அவர்களில் 80 சதவீதத்துக்கும் மேலானோர் குணமாகிறார்கள். பல ஏழை நாடுகளில் 30 சதவீதம் கூடத் தேறுவதில்லை. இந்த இடைவெளிக்குப் பல காரணங்கள் உண்டு. நோயைத் தாமதமாகக் கண்டுபிடிப்பது ஒன்று, மருந்து கிடைக்காதது ஒன்று. தொடங்கிய சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடுவதும் ஒரு பெரிய காரணம். பாதியில் விடுபவர்கள் பிள்ளை மேல் அக்கறை இல்லாதவர்கள் இல்லை. பெரும்பாலும் பஸ் கட்டணமும், தங்க இடமும், விட்டுப்போன கூலியும்தான் அவர்களைத் திருப்பி அனுப்புகின்றன.

பிரேசிலின் ரெசிஃபி நகரில் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்காக நடந்த ஒரு முயற்சி இதற்கு நல்ல சாட்சி. 1980களில் அங்கே நூற்றில் சுமார் 16 குழந்தைகளின் சிகிச்சை பாதியில் நின்றது. சிகிச்சை முறையையும் செவிலியர் பயிற்சியையும் மேம்படுத்தியதோடு, குடும்பங்களுக்குத் தங்குமிடம், பயணம், சமூகப் பணியாளர் உதவி எல்லாம் ஏற்பாடு செய்தார்கள். 2002ஆம் ஆண்டுவாக்கில் அந்த எண்ணிக்கை நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே வந்துவிட்டது. நோய் திரும்பாமல் வாழ்ந்த குழந்தைகளின் விகிதம் ஏறத்தாழ இரண்டு மடங்கானது. ஆகவே தங்குமிடத்துக்கும் பயணத்துக்கும் உதவி கேட்பதைக் கையேந்துவதாக நினைக்க வேண்டாம். அது மருந்தைப் போலவே சிகிச்சையின் ஒரு பகுதி.

முதல் படி: மருத்துவமனையிலேயே ஆரம்பியுங்கள்

பலர் நேராக இணையத்தில் தேடிக் கிடைத்த அறக்கட்டளைக்கெல்லாம் மின்னஞ்சல் அனுப்புகிறார்கள். அது கடைசியில் செய்ய வேண்டியது. குழந்தைப் புற்றுநோய்க்கான அறக்கட்டளைகளில் பெரும்பாலானவை தனிமனிதரின் கடிதத்தை வைத்து மட்டும் பணம் தருவதில்லை. மருத்துவமனை அனுப்பி வைக்கும் பெயரைத்தான் எடுத்துக்கொள்கின்றன. அறக்கட்டளைக்கும் குடும்பத்துக்கும் நடுவில் நிற்பவர் சோஷியல் ஒர்க்கர் என்று அழைக்கப்படும் மருத்துவச் சமூகப் பணியாளர். புற்றுநோய்ப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைகளில் இவர் பெரும்பாலும் இருப்பார். இல்லாத இடத்தில் தலைமை நர்ஸ், நோயாளர் நலப் பிரிவு, இரண்டும் இல்லையென்றால் சிகிச்சை தரும் டாக்டர்.

அவரிடம் போய் எப்படிப் பேசுவது என்று தயங்குபவர்களுக்காகச் சில வரிகள் தருகிறேன்:

“எங்கள் பிள்ளைக்கு இங்கே சிகிச்சை ஆரம்பமாகியிருக்கிறது. முழுச் செலவையும் எங்களால் தாங்க முடியாது. எந்தெந்த உதவிக்கு எங்களுக்குத் தகுதி இருக்கிறது, எதற்கு முதலில் விண்ணப்பிக்க வேண்டும் என்று சொல்லுங்கள். தங்குவதற்கும் வந்துபோவதற்கும் ஏதாவது ஏற்பாடு இருக்கிறதா?”

இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வீட்டு நிலவரத்தை அவர் கேட்பார், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். சம்பளத்தைக் குறைத்துச் சொல்வதும் கூடாது, கௌரவத்துக்காகக் கூட்டிச் சொல்வதும் கூடாது. இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது. மற்ற பெற்றோர் முன்னால் கேட்கச் சங்கடமாக இருந்தால் தனியாகப் பேச நேரம் கேளுங்கள், தருவார்கள்.

ஏன் முதல் வாரத்திலேயே? காரணம் எளியது. ஏற்கெனவே கட்டிவிட்ட பில்லைத் திருப்பித் தராத அறக்கட்டளைகள் நிறைய உண்டு. இனி வரப்போகும் செலவுக்கு மட்டுமே தருவார்கள். சில இடங்களில் நோய் உறுதியான நாளிலிருந்து இத்தனை நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்ற கெடுவும் இருக்கும். கையிருப்பைத் தீர்த்துவிட்டுப் போனால் அந்தப் பணமும் போச்சு, உதவியும் போச்சு.

இரண்டாம் படி: முழுக் காலத்துக்கும் கணக்குப் போடுங்கள்

குழந்தைகளுக்கு அதிகமாக வரும் புற்றுநோய் லிம்போபிளாஸ்டிக் லுக்கீமியா என்ற ரத்தப் புற்றுநோய். அதன் சிகிச்சை 2 முதல் 3 ஆண்டுகள் வரை போகும். முதல் சில மாதங்கள் கடுமையான கீமோ, அதாவது புற்றுநோய் செல்களை அழிக்கும் மருந்துச் சிகிச்சை; அடிக்கடி மருத்துவமனையில் தங்க வேண்டியிருக்கும். அதன்பின் வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டு, அவ்வப்போது வந்து பரிசோதித்துப் போகும் நீண்ட பகுதி. கட்டியாக வரும் புற்றுநோய்களில் காலம் குறையலாம், ஆனால் அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு என்று பெரிய செலவுகள் ஒன்றன் மேல் ஒன்றாக வரும்.

முதல் மாதத்தின் பில்லைப் பார்த்துப் பயந்து அதற்கு மட்டும் உதவி கேட்பவர்கள் எட்டாவது மாதத்தில் தடுமாறுகிறார்கள். அதனால் டாக்டரிடம் மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: மொத்த சிகிச்சை எத்தனை மாதம், எந்தெந்தக் கட்டத்தில் உள்நோயாளியாகத் தங்க வேண்டும், எந்தக் கட்டத்தில் செலவு அதிகம். மருத்துவமனையிடம் எழுத்துப்பூர்வமான செலவு மதிப்பீட்டைக் கேளுங்கள். எஸ்டிமேட் என்று கேட்டால் எல்லா இடத்திலும் புரியும்.

அந்த எஸ்டிமேட்டில் மருத்துவச் செலவு மட்டும்தான் இருக்கும். உங்கள் கணக்கில் இன்னொரு பக்கமும் வேண்டும். போக்குவரத்து, தங்கும் வாடகை, கூட இருப்பவரின் சாப்பாடு, பிள்ளைக்கான தனிச் சத்துணவு, போன் செலவு, வீட்டில் விட்டுவந்த மற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவு எல்லாம் அதில் வரும். எல்லாவற்றுக்கும் மேல் பெற்றோரில் ஒருவர் வேலையை விடுவதால் வராமல் போகும் சம்பளம் இருக்கிறது. அந்தச் சம்பளத்துக்கு ரசீது கிடையாது. அதனால் யாருமே கணக்கில் எழுதுவதில்லை. எழுதுங்கள். குடும்பத்தைச் சாய்ப்பது பெரும்பாலும் இந்தப் பக்கம்தான்.

இதில் ஒரு வரியைத் தனியாகக் குறிக்கச் சொல்வேன்: அவசரப் பயணம். கீமோ நடக்கும்போது நோய்த்தொற்றை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும். அந்த நேரத்தில் காய்ச்சல் வந்தால் அது அவசர நிலை. மருத்துவமனை சொல்லியிருக்கும் அளவைத் தாண்டியதும் நேரம் பார்க்காமல் கிளம்ப வேண்டும். நடு ராத்திரியில் வண்டிக்குப் பணம் இல்லையே, விடியட்டும் என்று காத்திருந்தால் உயிருக்கே ஆபத்து. அந்த ஒரு பயணத்துக்கான தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள், எந்தக் கஷ்டத்திலும் அதைத் தொடாதீர்கள். அதுகூட இல்லையென்றால் சமூகப் பணியாளரிடம் கேட்கும் முதல் உதவி அதுவாக இருக்கட்டும்.

மூன்றாம் படி: ஒரே கோப்பு

எல்லா அறக்கட்டளைகளும் ஏறக்குறைய ஒரே தாள்களைத்தான் கேட்கின்றன. ஒரு தடவை சேர்த்து வைத்துவிட்டால் அப்புறம் ஒவ்வொரு விண்ணப்பமும் நகல் எடுக்கும் வேலைதான்.

மருத்துவப் பக்கத்தில் நோயை உறுதிசெய்த அறிக்கை வேண்டும். கட்டி என்றால் பயாப்ஸி (சதைத் துணுக்குப் பரிசோதனை) முடிவு, ரத்தப் புற்றுநோய் என்றால் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை முடிவு. அதோடு டாக்டரின் கடிதம், சிகிச்சைத் திட்டம், செலவு மதிப்பீடு, இதுவரையான டிஸ்சார்ஜ் சம்மரிகள். குடும்பப் பக்கத்தில் பிள்ளையின் பிறப்புச் சான்று, பெற்றோரின் அடையாள அட்டை, முகவரிச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு விவரம், கடன் இருந்தால் அதற்கான தாள். காப்பீடோ அரசுத் திட்டமோ இருந்தால் அதன் அட்டை, அதில் எவ்வளவு கிடைத்தது, எதை மறுத்தார்கள் என்ற கடிதம். மறுப்புக் கடிதத்தைக் கோபத்தில் கிழித்துப் போடாதீர்கள். “அங்கே கேட்டோம், கிடைக்கவில்லை” என்பதற்கு அதுவே ஆதாரம், பல அறக்கட்டளைகள் அதைப் பார்த்த பிறகுதான் பரிசீலிப்பார்கள்.

டாக்டரின் கடிதத்தைப் பற்றிக் கொஞ்சம். “இந்தக் குழந்தைக்குப் புற்றுநோய், உதவி தேவை” என்று இரண்டு வரி எழுதித் தந்தால் போதாது. நோயின் பெயர், எந்த நிலை, குணப்படுத்தும் நோக்கத்தில் சிகிச்சை நடக்கிறதா, எவ்வளவு காலம், அடுத்து உடனடியாக என்ன செய்ய வேண்டும், அதற்கு எவ்வளவு ஆகும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். டாக்டர்களுக்கு நேரம் இல்லை என்பது உண்மை. அதனால் இந்தக் குறிப்புகளை ஒரு துண்டுத் தாளில் எழுதி முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். எந்தத் தாளையும் அசலாகக் கொடுக்காதீர்கள். எல்லாவற்றையும் போனில் தெளிவாகப் படமெடுத்து, வீட்டில் இன்னொருவர் போனிலும் சேமித்து வையுங்கள்.

நான்காம் படி: யார் எதற்குத் தருவார்கள்

புற்றுநோய் அறக்கட்டளை என்றாலே மருந்துக்குப் பணம் தருவார்கள் என்று நினைத்துப் போய் ஏமாறுகிறவர்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்டால் பாதி அலைச்சல் குறையும்.

சிகிச்சையையே இலவசமாகத் தரும் மருத்துவமனைகள் மிகச் சில. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் நகைச்சுவை நடிகர் டேனி தாமஸ் முயற்சியில் 1962ல் திறக்கப்பட்ட செயின்ட் ஜூட் குழந்தைகள் ஆராய்ச்சி மருத்துவமனை அதில் பெயர்பெற்றது. அங்கே சேர்க்கப்படும் குழந்தையின் சிகிச்சை, பயணம், தங்குமிடம், சாப்பாடு எதற்கும் குடும்பத்துக்குப் பில் வராது. ஆனால் அங்கே சேர டாக்டர் பரிந்துரைக்க வேண்டும், அவர்களுடைய ஆய்வுகளுக்குப் பொருந்தும் நோயாகவும் இருக்க வேண்டும். யாரோ சொன்னார்கள் என்று இருக்கும் சிகிச்சையை நிறுத்திவிட்டு அப்படி ஒரு இடத்துக்காகக் காத்திருப்பது சரியில்லை.

சிகிச்சைச் செலவில் ஒரு பங்கைத் தரும் அறக்கட்டளைகள்தான் அதிகம். இவை பெரும்பாலும் பணத்தைப் பெற்றோர் கையில் கொடுக்காமல் மருத்துவமனைக் கணக்கில் நேரடியாகக் கட்டும். இதை அவநம்பிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நன்கொடை கொடுத்தவர்களுக்கு அவர்கள் கணக்குக் காட்ட வேண்டும். குணமாக நல்ல வாய்ப்புள்ள நோய்களுக்கு மட்டும் தருவது, இத்தனை வயது வரை என்று வரம்பு வைப்பது போன்ற விதிகளும் உண்டு. விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தங்குமிடம் தருபவை தனி. 1974ல் பிலடெல்பியாவில் குழந்தைப் புற்றுநோய் மருத்துவர் ஆட்ரி எவன்ஸ் முன்னின்று தொடங்கிய ரொனால்ட் மெக்டொனால்ட் இல்லம் இன்று பல நாடுகளில் மருத்துவமனைகளின் அருகில் இயங்குகிறது. இந்தியாவில் செயின்ட் ஜூட் இந்தியா சைல்ட்கேர் சென்டர்ஸ் 2006ல் மும்பையில் தொடங்கிப் பல நகரங்களில் புற்றுநோய்க் குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் இலவசமாக இடம் தருகிறது. தங்குமிடம் கிடைப்பதைச் சின்ன உதவியாக நினைக்காதீர்கள். சுத்தமான அறை, சமைக்க இடம், மருத்துவமனைக்குப் பக்கம் என்று அமைந்தால் தொற்றும் குறையும், பயணமும் குறையும், அதே கஷ்டத்தில் இருக்கும் நாலு பெற்றோரின் துணையும் கிடைக்கும். இவற்றில் காத்திருப்போர் பட்டியல் இருக்கும் என்பதால் பெயரை முதலிலேயே கொடுத்துவையுங்கள்.

அன்றாடச் செலவுக்கும் குடும்பத்துக்கும் துணை நிற்பவை இன்னொரு வகை. பிரிட்டனில் யங் லைவ்ஸ் வெர்சஸ் கேன்சர், ஆஸ்திரேலியாவில் ரெட்கைட், சிங்கப்பூரில் 1992 முதல் சில்ட்ரன்ஸ் கேன்சர் ஃபவுண்டேஷன், இந்தியாவில் 2004 முதல் கேன்கிட்ஸ் என்று நாட்டுக்கு நாடு பெயர்கள் மாறும். சிறு மானியம், பயணச் செலவு, ஆலோசனை, படிப்பு விட்டுப்போகாமல் பார்ப்பது என்று இவர்கள் வேலை பரந்தது. இந்தியாவின் கடில்ஸ் ஃபவுண்டேஷன் போன்றவை ஊட்டச்சத்தில் மட்டும் கவனம் செலுத்துகின்றன. உடல் மெலிந்த பிள்ளை கீமோவைத் தாங்குவது கடினம், அதனால் அதுவும் முக்கியமான உதவியே.

விலை உயர்ந்த மருந்து என்றால் அதன் தயாரிப்பு நிறுவனம் நடத்தும் நோயாளர் உதவித் திட்டம் இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். மேக்ஸ் ஃபவுண்டேஷன் போன்ற அமைப்புகள் இப்படிப்பட்ட மருந்துகளைப் பல நாடுகளின் நோயாளிகளுக்குக் கொண்டுசேர்க்கின்றன. உலக சுகாதார நிறுவனமும் செயின்ட் ஜூட் மருத்துவமனையும் 2021ல் அறிவித்த குழந்தைப் புற்றுநோய் மருந்துத் திட்டமும் உண்டு. அது நாடுகள் வழியாக மருத்துவமனைகளுக்குப் போவது, பெற்றோர் தனியாக விண்ணப்பிக்க வழியில்லை. இப்படிப்பட்டவற்றில் மருத்துவமனைதான் எழுத வேண்டும். நீங்கள் செய்யக்கூடியது நினைவூட்டுவது.

உங்கள் நாட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லையா? குழந்தைப் புற்றுநோய்ப் பெற்றோர் அமைப்புகளின் உலகக் கூட்டமைப்பான சைல்ட்ஹுட் கேன்சர் இன்டர்நேஷனல் 1994 முதல் இயங்குகிறது. அதன் உறுப்பு அமைப்புகளின் பட்டியலில் நாட்டின் பெயரைத் தேடுவது நல்ல தொடக்கம். அங்கே இருப்பவர்களில் பலர் இதே பாதையில் நடந்த பெற்றோர் என்பதால் பேச்சும் எளிதாக இருக்கும்.

ஐந்தாம் படி: கடிதம்

விண்ணப்பப் படிவத்தோடு ஒரு பக்கக் கடிதம் கேட்பார்கள். நம்மில் பலர் இதில் அழுகையைக் கொட்டிவிடுகிறோம், கேட்க வந்த தொகையை எழுத மறந்துவிடுகிறோம். படிக்கிறவர் ஒரே நாளில் நிறையக் கடிதங்களைப் பார்ப்பவர். அவருக்கு வேண்டியது நான்கு: யார், என்ன நோய், எதற்கு எவ்வளவு வேண்டும், ஏன் உங்களால் முடியவில்லை. மாதிரிக்கு ஒன்று:

“என் மகனுக்கு வயது 6. சென்ற மாதம் இந்த மருத்துவமனையில் அவனுக்கு ரத்தப் புற்றுநோய் உறுதியானது. குணமாக நல்ல வாய்ப்பு இருப்பதாக டாக்டர் எழுதியிருக்கிறார், கடிதம் இணைத்திருக்கிறேன். மொத்தச் செலவு (தொகை). இதில் காப்பீடு (தொகை) தருகிறது, நாங்கள் (தொகை) கட்டிவிட்டோம். மீதமுள்ளதில் அடுத்த மூன்று மாத மருந்துக்கான (தொகை)யை உங்களிடம் கேட்கிறோம். நான் தினக்கூலி வேலை செய்கிறேன். மகனுடன் இருப்பதற்காக என் மனைவி வேலையை விட்டுவிட்டார். வீட்டில் இன்னொரு பெண் குழந்தை படிக்கிறாள். இதே செலவுக்கு இன்னொரு அறக்கட்டளையிடமும் விண்ணப்பித்திருக்கிறோம், அங்கே கிடைத்தால் உடனே உங்களுக்குத் தெரிவிப்போம்.”

கடைசி வரியைக் கவனியுங்கள். ஒரே நேரத்தில் பல இடங்களில் கேட்பதில் தவறே இல்லை. மறைத்துக் கேட்பதுதான் தவறு. ஒரே பில்லுக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்கியது தெரிந்தால் இரண்டு கதவும் மூடிவிடும், மருத்துவமனையின் பரிந்துரைக்கும் மதிப்புக் குறையும். வேறு வேறு செலவை வேறு வேறு இடத்தில் கேட்பது இன்னும் நல்லது: மருந்துக்கு ஒருவர், தங்க ஒருவர், பயணத்துக்கு ஒருவர்.

மொத்தத் தொகையையும் ஒரே இடத்தில் கேட்காமல் ஒரு கட்டத்துக்கான தொகையைக் கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம் என்பது என் கருத்து. ஒரு குறிப்பிட்ட பில்லுக்குச் சரி என்று சொல்வது கொடுப்பவருக்கும் சுலபம்.

அனுப்பிய பிறகு

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். எங்கே, எந்தத் தேதியில், என்ன கேட்டோம், யாரிடம் பேசினோம், என்ன தாள் பாக்கி என்று எழுதுங்கள். பதில் வர வாரங்கள் ஆகலாம். பத்து நாள் கழித்துப் பணிவாக ஒருமுறை விசாரிப்பது தொல்லை ஆகாது. விட்டுப்போன ஒரு கையெழுத்துக்காகவே பல விண்ணப்பங்கள் தூங்கிக்கொண்டிருக்கும்.

மறுத்துவிட்டால் காரணம் கேளுங்கள். தாள் குறைவு என்றால் கொடுத்து மீண்டும் விண்ணப்பிக்கலாம். நிதி தீர்ந்துவிட்டது என்றால் அடுத்த முறை எப்போது என்று கேட்கலாம். எங்கள் விதிக்குள் வரவில்லை என்றால் யார் விதிக்குள் வரும் என்று அவர்களிடமே கேளுங்கள். ஒருவர் மற்றவரை நன்றாக அறிந்தவர்கள், வழி சொல்வார்கள்.

காத்திருக்கும் நாட்களில் பணம் இல்லை என்று ஒரு கீமோவையும் தவறவிடாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். வர முடியாத நிலை வந்தால், வராமல் இருந்துவிடாமல் வார்டுக்கு போன் செய்து “பணம் இல்லை, அதனால் வர முடியவில்லை” என்று அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். பில்லைத் தள்ளிப்போடவோ, தவணையில் கட்டவோ, உள்ளூர் மருத்துவமனையில் ஒரு பகுதியைத் தரவோ முடியுமா என்று அவர்கள் பார்ப்பார்கள். சிகிச்சையில் தொடர்ந்து 4 வாரமோ அதற்கு மேலோ வராமல் போனால் அதைச் சிகிச்சையைக் கைவிட்டதாகவே மருத்துவ உலகம் கணக்கில் எடுக்கிறது. ஒரு விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும் காலமே சில நேரம் அந்த 4 வாரத்தைத் தாண்டிவிடும்.

இணையத்தில் பணம் திரட்டலாமா?

திரட்டலாம், வேறு வழிகளைப் பார்த்த பிறகு. சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். திரட்டும் தளங்கள் பல ஒரு பங்கைக் கட்டணமாக எடுத்துக்கொள்ளும். விளம்பரம் செய்து தருகிறோம் என்று கூடுதலாகப் பிடிப்பவையும் உண்டு. மொத்தத்தில் நூற்றுக்கு எவ்வளவு உங்கள் கைக்கு வரும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு தொடங்குங்கள். பணம் மருத்துவமனைக் கணக்குக்கே போகும்படி வைத்தால் கொடுப்பவர்களுக்கு நம்பிக்கை கூடும். அரசு உதவி பெறும் குடும்பமாக இருந்தால், இப்படி வரும் பணம் வருமானமாகக் கணக்காகி அந்த உதவி நின்றுவிடுமா என்று சமூகப் பணியாளரிடம் கேட்டுக்கொள்வதும் அவசியம்.

எனக்கு அதிகம் கவலை தருவது பிள்ளையின் படம். முடி கொட்டி, குழாய் மாட்டி, அழுதுகொண்டிருக்கும் முகத்தைப் போட்டால் பணம் வேகமாக வரும் என்று அழுத்தம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளை குணமாகிப் பள்ளிக்குப் போகும், வேலைக்குப் போகும். அந்தப் படமும் கூடவே போகும். சிரித்த முகத்தோடு ஒரு பழைய படம் போதும். முழுப்பெயர், பள்ளி, வீட்டு முகவரி, மருத்துவ அறிக்கையின் எண்கள் எதையும் பொதுவில் போடாதீர்கள். விவரம் தெரிந்த வயதென்றால் பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஏமாற்றுக்காரர்கள்

வார்டு வாசலிலும் வாட்ஸ்அப்பிலும் இவர்கள் வருவார்கள். உதவி தர முன்பணம் கேட்பவர், கமிஷன் பேசுபவர், ஓடிபி கேட்பவர், வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்பவர் யாராக இருந்தாலும் விலகிவிடுங்கள். உண்மையான அறக்கட்டளை விண்ணப்பத்துக்குப் பணம் வாங்காது. சந்தேகம் வந்தால் அவர்கள் தந்த எண்ணில் கூப்பிடாமல், மருத்துவமனைச் சமூகப் பணியாளரிடம் பெயரைச் சொல்லி விசாரியுங்கள். பதிவு எண், தணிக்கை செய்த கணக்கு, அலுவலக முகவரி மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கீமோ வேண்டாம், எங்கள் மருந்தே குணமாக்கும், அதற்கு நிதி உதவியும் தருகிறோம் என்று வருபவர்கள் இன்னும் ஆபத்தானவர்கள். பணம் போனால் சம்பாதிக்கலாம், போன மாதங்கள் திரும்பாது.

உதவி கிடைத்த பின்

ரசீதுகளை மாதவாரியாக வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த தவணைக்கு அவற்றைக் கேட்பார்கள். தொகை மீதமானால் மறைக்காமல் சொல்லுங்கள், வேறு பிள்ளைக்குப் போகும். நன்றி சொல்ல ஒரு சின்னக் கடிதம் போதும். உதவியதற்காகப் பிள்ளையை மேடையேற்றவோ, விளம்பரத்தில் நிற்க வைக்கவோ கேட்டால் மறுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அதற்காக உதவியை நிறுத்தும் அமைப்பு நல்ல அமைப்பாக இருக்காது.

சிகிச்சை முடிந்ததும் கோப்பை மூடிவிடாதீர்கள். பல ஆண்டுகளுக்குத் தொடர் பரிசோதனை இருக்கும். சில மருந்துகளாலும் கதிர்வீச்சாலும் இதயம், காது, வளர்ச்சி போன்றவற்றில் பின்னால் பாதிப்பு வருகிறதா என்று பார்க்க வேண்டும். எந்த மருந்து எவ்வளவு கொடுத்தார்கள் என்ற சிகிச்சைச் சுருக்கத்தை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். பிள்ளை பெரியவனாகி வேறு ஊரில் வேறு டாக்டரைப் பார்க்கும்போதும் அது வேண்டும். பரிசோதனைக்கு வந்துபோகும் செலவுக்கும், விட்டுப்போன படிப்பைத் தொடர உதவித்தொகைக்கும் தனித் திட்டங்கள் வைத்திருக்கும் அறக்கட்டளைகள் உண்டு.

நோய் திரும்பி வந்தால் பழைய விண்ணப்பம் செல்லாது என்று சில இடங்களில் சொல்வார்கள். அது புதுச் சிகிச்சையாகக் கணக்காகும், புது எஸ்டிமேட்டோடு புதிதாகக் கேட்கலாம். பிள்ளையைக் காப்பாற்ற முடியாமல் போன குடும்பங்களுக்கும் இறுதிச் செலவு, நிலுவைப் பில், ஆற்றுப்படுத்தும் ஆலோசனை என்று உதவும் அமைப்புகள் இருக்கின்றன. அந்த நாட்களில் பெற்றோரால் எதையும் கேட்க முடியாது. உறவினரோ நண்பரோ சமூகப் பணியாளரிடம் போய் அவர்கள் சார்பில் பேசலாம், அதற்குப் பெற்றோரின் அனுமதி மட்டும் போதும்.